வெள்ளித்திரை நர்ஸும் நம்ம ஊர் நர்ஸம்மாவும்

“நர்ஸா? உலகத்துல வேற படிப்பே இல்லையா உனக்கு?”

எதிர் வீட்டிலிருந்து இந்தக் குரல் கேட்டபோது நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கடத்தூரில் எங்கள் தெரு அப்படியொன்றும் அகலமில்லை. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்று வீட்டில் தும்மல் வரும். சண்டையும் அப்படித்தான்.

பிளஸ் டூ முடிவு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. எதிர் வீட்டுப் பெண் நல்ல மார்க். தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள். ஆனால், அடுத்து என்ன படிப்பு என்று பேச்சு வந்ததும் வீடு இரண்டாகிவிட்டது. பெண் நர்சிங் என்கிறாள். அம்மாவோ, “பி.காம். படி, டீச்சருக்குப் படி, இல்லையா, சும்மா வீட்டிலேயே இரு” என்கிறாள். அப்பா? அவர் கெட்டிக்காரர். வெற்றிலைச் சந்தைக்குக் கிளம்பிப் போய்விட்டார்!

கொஞ்ச நேரத்தில் அம்மாக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டு என் திண்ணைக்கே வந்துவிட்டாள். பின்னாலேயே பெண்ணும்.

“பாருங்கக்கா, டி.வி.யில ஏதாவது பழைய படம் பாத்திருப்பா. சரோஜாதேவி மாதிரி வெள்ளையும் சொள்ளையுமா நடக்கணும்னு ஆசை வந்துடுச்சு. படத்துல பாக்க நல்லாத்தான் இருக்கும். நாம இருக்கற இருப்புக்கு அதெல்லாம் ஆகுமா?”

பெண் பட்டென்று சொன்னாள்: “பெரியம்மா, நான் சினிமா பார்த்து ஆசைப்படலை. அம்மாதான் சினிமா பார்த்துட்டு பயப்படறாங்க!”

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டேன். “அப்படி என்னம்மா பயம் உனக்கு?”

அவள் விரல் விட்டு எண்ணினாள். ராத்திரி டியூட்டி. டாக்டரோடு பேரைச் சேர்த்துப் பேசுவார்கள். நோயாளியாக வருகிறவன் கையைப் பிடிப்பான். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளிப்பார்கள். கடைசியில் கல்யாணமே ஆகாமல் மற்றவர்களுக்கு உழைத்தே காலம் போய்விடும்.

“இதையெல்லாம் நீ எங்கே பார்த்தே? நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலா?”

கொஞ்சம் யோசித்தாள். “இல்லக்கா... படத்துலதான வருது” என்றாள்.

சினிமாவைப் பார்த்து இளம் பெண்களுக்கு ஒரு வேலையின் மீது ஆசை வருகிறது என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். அதே சினிமாவைப் பார்த்துத் தாய்மார்களுக்கு அந்த வேலையின் மீது பயம் வருகிறதே, அதைப் பற்றி யாராவது பேசுகிறோமா? அன்று ராத்திரி படுக்கையில் புரண்டபடி நான் கணக்குப் போட்டேன். திரையில் எத்தனை நர்ஸ் பார்த்திருக்கிறேன், நேரில் எத்தனை நர்ஸ் பார்த்திருக்கிறேன் என்று. இரண்டும் ஒட்டவே இல்லை.

கொட்டாயில் பார்த்த நர்ஸ்

நான் சிறுமியாக இருந்த காலத்தில் டூரிங் கொட்டாயில் பழைய படங்களைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்கள். மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே நாங்கள் அழுத படங்களில் ஒன்று ‘பாலும் பழமும்’. 1961-ல் ஏ. பீம்சிங் இயக்கி வெளிவந்தது. புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டராக சிவாஜி கணேசன். நர்ஸ் சாந்தியாக சரோஜாதேவி. அவளுடைய அக்கறையைப் பார்த்து டாக்டர் அவளையே மணக்கிறார். பிறகு அவளுக்குக் காசநோய் வருகிறது. தன்னால் கணவரின் ஆராய்ச்சி கெட்டுவிடக் கூடாதென்று வீட்டை விட்டே போகிறாள். அவர் பார்வை இழந்த பின், வேறு பெயரில் நர்ஸாகத் திரும்பி வந்து சொந்தக் கணவனுக்கே பணிவிடை செய்கிறாள். கொட்டாயில் அழாத பெண்கள் உண்டா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1959-ல், சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. காசநோய்க்காரரை ஊருக்கு வெளியே தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே இருந்து ஒழுங்காக மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று அது நிரூபித்தது. வீடு வீடாகப் போய் மாத்திரை விழுங்குகிறார்களா என்று பார்த்து வந்ததில் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பெரிய பங்கு. சாந்தி வீட்டை விட்டுப் போயிருக்கவே வேண்டாம்! ஆனால், அப்படிப் போகாவிட்டால் கதை ஏது?

அடுத்த வருஷம் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. ஏறக்குறைய படம் முழுக்க ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். முத்துராமனுக்குப் புற்றுநோய். மனைவி தேவிகா. வைத்தியம் பார்க்க வேண்டிய டாக்டர் கல்யாண்குமாரோ அவளுடைய முன்னாள் காதலர். அருமையான படம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியில் நடக்கும் கதையில் நம் மனத்தில் தங்குகிறவர்கள் யார்? டாக்டர், நோயாளி, நோயாளியின் மனைவி. சிரிக்க வைப்பதற்கு வார்டு பாயாக நாகேஷ். கதையின் கனம் எதுவும் நர்ஸின் தோளில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான படங்களில் நர்ஸின் வேலை என்ன? ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து வெளியே வருவது. கத்தியை எடுத்து டாக்டர் கையில் கொடுப்பது. “டாக்டர்! டாக்டர்! பேஷண்ட் கண் முழிச்சுட்டார்!” என்று ஓடுவது. பிரசவக் காட்சி என்றால் வெந்நீர்ப் பாத்திரத்தோடு குறுக்கே நடந்துவிட்டு, “ஆண் குழந்தை” என்று சிரிப்பது. இதற்கு எதற்கம்மா நாலு வருஷப் படிப்பு என்று பார்க்கிறவர்கள் நினைப்பதில் என்ன தப்பு?

தியாகச் சிலை, இல்லையென்றால் கேலிப் பொம்மை

நர்ஸைக் கதாநாயகியாகவே வைத்த படங்களும் உண்டு. 1959-ல் வங்காளத்தில் அசித் சென் இயக்கிய ‘தீப் ஜ்வேலே ஜாய்’. மனநல மருத்துவமனை நர்ஸாக சுசித்ரா சென். நோயாளியைக் காதலிப்பது போல் நடித்து அவனைக் குணப்படுத்த வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. நோயாளி குணமாகிவிடுகிறான். நடிக்கப் போனவளின் மனம்தான் உடைந்து போகிறது. தெலுங்கில் 1960-ல் சாவித்திரி நடித்த ‘சிவரகு மிகிலேதி’யும், ஹிந்தியில் வஹீதா ரஹ்மான் நடித்த ‘காமோஷி’யும் இதே கதைதான். நடிப்பு என்றால் அப்படியொரு நடிப்பு. ஆனால் எந்த ஆஸ்பத்திரியிலும் காதல் என்பது மருந்துச் சீட்டில் எழுதும் சமாசாரமில்லை. அப்படியொரு வேலையை எந்த நர்ஸும் செய்வதில்லை, செய்யவும் கூடாது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நகைச்சுவைக் காட்சி. இறுக்கமான உடுப்பில் ஒரு நர்ஸ் வருவாள். படுத்திருக்கும் நோயாளிக்குச் சட்டென்று தெம்பு வந்துவிடும். ஊசி என்றதும் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். ஆண் நர்ஸ் வந்தாலோ அது தனிக் கேலி. தியேட்டர் சிரிக்கும். சிரித்துவிட்டு வந்த அதே ஆள்தான் மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் வாய்த்துடுக்காகப் பேசுகிறான்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் பிலிப் காலிஷ், பியாட்ரிஸ் காலிஷ் என்ற தம்பதி, நாவல்களிலும் சினிமாவிலும் டி.வி.யிலும் நர்ஸை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பல வருஷம் ஆராய்ந்து 1987-ல் ஒரு புத்தகமே எழுதினார்கள். முதலில் கருணைத் தேவதை, பிறகு டாக்டருக்குக் கையாள், யுத்த காலத்தில் வீராங்கனை, யுத்தம் முடிந்ததும் தாய், 1960களின் நடுவிலிருந்து வெறும் கவர்ச்சிப் பொம்மை என்று காலத்துக்கேற்ப அந்த உருவம் மாறியதாம். ஆள் தேவைப்பட்டபோது வீராங்கனை ஆக்கினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943-ல், அமெரிக்க அரசு நர்ஸ் பயிற்சிப் படை ஒன்றைத் தொடங்கிப் பெண்களைச் செலவில்லாமல் படிக்க வைத்தது. அதே வருஷம்தான் போர்முனை நர்ஸுகளைக் கதாநாயகிகளாக்கிய படமும் அங்கே வெற்றிநடை போட்டது.

தேவதை என்று கும்பிடுவது நல்லதுதானே என்பீர்கள். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. தேவதைக்குச் சம்பளம் எதற்கு என்று தோன்றிவிடும்! 2017 நவம்பரில் நம் மாநிலத்துத் தொகுப்பூதிய நர்ஸுகள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்களே, நினைவிருக்கிறதா? வேலை நிரந்தரம் வேண்டும், ஊதியம் ஒழுங்காக வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ‘சேவை செய்கிறவர்கள் காசு கேட்கலாமா’ என்று அப்போது சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பார்த்த நர்ஸ் சினிமாவில் வந்த நர்ஸ்.

நந்தினி வந்தாள்

தமிழில் ஒரு நர்ஸை மனுஷியாகக் காட்டிய படம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது 1987 தீபாவளிக்கு வந்த கே. பாலசந்தரின் ‘மனதில் உறுதி வேண்டும்’. சுஹாசினிதான் நர்ஸ் நந்தினி. பெரிய குடும்பத்தின் பாரம் அவள் தலையில். விவாகரத்தானவள். டியூட்டிக்குப் போகிறாள், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள், தோழிகளோடு சிரிக்கிறாள், கோபப்படுகிறாள். சம்பளத்தில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற பெண்ணாக ஒரு நர்ஸைப் பார்த்தது அப்போது எங்களுக்குப் புதிசு. ஆனால் பாலசந்தருக்கும் தியாகம் இல்லாமல் முடியவில்லை. தன்னை விட்டு விலகிய கணவனுக்கே நந்தினி சிறுநீரகத்தைக் கொடுக்கிறாள். வார்டில் ஒரு நர்ஸ் தினம் செய்கிற வேலை போதாது, உடம்பில் ஒன்றை அறுத்துக் கொடுத்தால்தான் உயர்ந்தவள் என்று அப்போதும் சினிமா நினைத்தது போலும்.

2014-ல் ஸ்ரீப்ரியா இயக்கிய ‘மாலினி 22 பாளையங்கோட்டை’யில் நித்யா மேனன் நர்ஸ். ஏமாற்றிய ஆண்களைப் பழி வாங்கும் கதை. இது மலையாளத்தில் 2012-ல் வந்த ‘22 ஃபீமேல் கோட்டயம்’ படத்தின் தமிழாக்கம். 2021-ல் வந்த ‘அன்பிற்கினியாள்’ கூட மலையாள ‘ஹெலன்’ படத்திலிருந்து வந்ததுதான். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போகத் தயாராகிற பெண்ணும் அவள் அப்பாவும் அதில் வருகிறார்கள்.

ஏன் எல்லாம் மலையாளத்திலிருந்தே வருகிறது? அங்கே தெருவுக்குத் தெரு நர்ஸ் இருக்கிறார். அக்கா வளைகுடாவில், தங்கை டில்லியில், சித்தி ஜெர்மனியில் என்று குடும்பங்களே அந்தச் சம்பளத்தில் எழுந்து நின்றிருக்கின்றன. கதை எழுதுகிறவன் வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருந்தால் அவளைப் பொம்மையாக எழுத முடியுமா?

2014-ல் இராக்கின் திக்ரித் நகரத்தில் யுத்தத்தின் நடுவே 46 இந்திய நர்ஸுகள் சிக்கிக்கொண்டார்கள். ஜூலை 5-ந் தேதி பத்திரமாகக் கொச்சி வந்து இறங்கினார்கள். அதை வைத்து 2017-ல் மகேஷ் நாராயணன் எடுத்த ‘டேக் ஆஃப்’ படத்தில், குண்டு விழும் ஊருக்கு ஒரு பெண் ஏன் வேலைக்குப் போகிறாள் என்பதற்குப் பதில் இருந்தது: வீட்டுக் கடன். 2018-ல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா காய்ச்சல் வந்தபோது, நோயாளியைக் கவனித்த பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி அதே நோயால் இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். அந்த நாட்களை 2019-ல் ‘வைரஸ்’ படம் காட்டியது. 2024-ல் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீ வாங்கிய பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமேஜின் அஸ் லைட்’ படத்தில் பம்பாயில் வேலை பார்க்கும் இரண்டு மலையாள நர்ஸுகள்தான் முக்கியப் பாத்திரங்கள். அவர்கள் ரயிலில் போகிறார்கள், சமைக்கிறார்கள், வாடகைக்குக் கஷ்டப்படுகிறார்கள். நம்மைப் போல இருக்கிறார்கள்.

கேமரா போகாத இடம்

படக்கதை போதும், நேரில் கேட்டுவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு அம்மாவையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பொம்மிடி பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காபி கொடுத்துவிட்டு, “கேளு கண்ணு” என்று பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“படத்துல நோயாளி கண்ணைத் திறந்தா நர்ஸ் ‘டாக்டர் டாக்டர்’னு ஓடுவா. நாங்க ஓட மாட்டோம். நாங்க ஓடிட்டா அந்த ஆளை யார் பாக்கறது? பக்கத்துலயே நின்னு பேரைக் கேப்போம், நாடி பாப்போம், மூச்சு பாப்போம். வேற ஆளை அனுப்பி டாக்டரைக் கூப்பிடுவோம்” என்று சிரித்தார்.

“மிஷின்ல கோடு நேரா போனதும் நெஞ்சில் ஷாக் வைப்பாங்களே, அது?” என்று பெண் கேட்டாள்.

“அதுவும் சினிமாதான். சுத்தமா நேர்கோடா ஆயிட்டா ஷாக் பலிக்காது. மார்பை அழுத்தறதும், மருந்து ஏத்தறதும்தான். துடிப்பு தாறுமாறா ஆடுதே, அந்த மாதிரி சமயத்துலதான் ஷாக்.”

மருந்து கொடுப்பதற்கு முன் நர்ஸ் மனசுக்குள் ஐந்து கேள்வி கேட்டுக்கொள்வாராம். இந்த நோயாளிதானா? இந்த மருந்துதானா? இவ்வளவுதானா? வாய் வழியா, ஊசியா? இந்த நேரம்தானா? ஒரு நாளைக்கு நூறு தடவை கொடுத்தாலும் நூறு தடவையும் கேட்க வேண்டும். நினைவில்லாமல் படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்து, நோயைவிட அது கொன்றுவிடும். டியூட்டி முடிந்தாலும் அடுத்தவரிடம் ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைக்காமல் கிளம்ப முடியாது.

“பிரசவம்?” என்றேன்.

“குழந்தை அழுததும் படத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. எங்களுக்கு அப்பத்தான் பாதி வேலை. ஈரத்தைத் துடைச்சு அம்மா மார்மேல போடணும். ஒண்ணாவது நிமிஷமும் அஞ்சாவது நிமிஷமும் குழந்தைக்கு மார்க் போடுவோம். நிறம், நாடி, மூச்சு, கை கால் விறைப்பு, தொட்டா முகம் சுளிக்குதா... எல்லாம் சேர்த்துப் பத்துக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடுக்க வைக்கணும். அதுக்கும் மேல, அம்மாவைப் பாக்கணும். முதல் ரெண்டு மணி நேரம் கால் மணிக்கொரு தடவை அடிவயித்துல கை வெச்சுப் பாப்போம். கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகியிருக்கணும். பஞ்சு மாதிரி கொழகொழன்னு இருந்தா உதிரம் நிக்காது. வெளியில குழந்தையைக் கொஞ்சிக்கிட்டு இருப்பாங்க. உள்ளே அரை மணியில அம்மா போயிடுவா. நம்ம நாட்டுல பிள்ளை பெத்த அம்மாக்கள் உயிர் போறதுக்கு இந்த உதிரப்போக்கு பெரிய காரணம்மா.”

அது வரை பேசாமல் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்த எதிர் வீட்டு அம்மா மெதுவாகத் தலை நிமிர்ந்தாள்.

“எனக்கு அப்படி ஆச்சுங்க. இவ பொறந்தப்ப.”

எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் பழகியும் சொன்னதில்லை.

“எல்லாரும் குழந்தையைப் பாக்கப் போயிட்டாங்க. எனக்குத் தூக்கம் தூக்கமா வந்துச்சு. ஒரு சின்ன வயசு நர்ஸ் பொண்ணு, இப்ப இவ வயசைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும், வயித்துல கை வெச்சுப் பாத்துட்டு சத்தம் போட்டுச்சு. அமுக்கிக்கிட்டே ‘அக்கா தூங்காதீங்க, என்னைப் பாருங்க, பேரு சொல்லுங்க’ன்னுச்சு. ஊசி போட்டாங்க, வண்டி வெச்சு தர்மபுரிக்கு அனுப்பினாங்க. அந்தப் பொண்ணு வண்டியிலயும் வயித்துல இருந்து கையை எடுக்கல. அது பேரு கூட நான் கேட்டு வெச்சுக்கல.”

யாரும் பேசவில்லை. பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது ராத்திரி டியூட்டிம்மா” என்றார் நர்ஸம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கஷ்டங்களையும் அவர் மறைக்கவில்லை. நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது. இடுப்பு வலி. பொங்கல், தீபாவளி என்று பார்க்காத வேலை. ஆத்திரத்தில் கையை ஓங்கும் உறவினர்கள். “என் பையனுக்கு ஜுரம் கொதிச்ச ராத்திரி, நான் வார்டுல ஊரார் பிள்ளைக்கு ஈரத்துணி போட்டுக்கிட்டிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கு” என்றார்.

நம் மாவட்டத்துக் கதை

கிராம நர்ஸைப் பற்றிச் சொல்லாமல் தர்மபுரிக்காரி இதை முடிக்க முடியாது. ‘பெண்ணா பிறந்துவிட்டதா?’ என்று கேட்டு, கள்ளிப்பாலைத் தேடிய காலம் ஒன்று நம் பக்கம் இருந்தது. வெட்கப்பட வேண்டிய உண்மை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்தது. 1990களின் கடைசியில், டென்மார்க் நாட்டு டானிடா உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண் சிசுக்கொலைக்கு எதிராக ஆடிப் பாடி நாடகம் போட்டன. கூத்து பார்த்துப் பழகிய மண் அல்லவா? ஜனங்கள் கூடினார்கள், பார்த்தார்கள், அழுதார்கள்.

நாடகக் குழு அடுத்த ஊருக்குப் போய்விடும். அங்கேயே இருந்து, முதல் பெண்ணுக்குப் பிறகு மறுபடி கர்ப்பமான வீட்டுக் கதவைத் தட்டியது யார்? கிராம சுகாதார நர்ஸ். எந்த வீட்டில் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். பிறந்த குழந்தையை எடை போடுகிற சாக்கில் மறுநாளும் போவார், அதற்கு மறுநாளும் போவார். சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலை ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறியதும் அவரைப் போன்றவர்கள்தான். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. புதன்கிழமை என்றால் தடுப்பூசி என்று கைக்குழந்தைக்காரிகள் எல்லோருக்கும் தெரிகிறது. அந்தப் பழக்கம் தானாக வந்துவிடவில்லை.

நம் பழைய இலக்கியத்தில் தலைவியை வளர்த்தெடுப்பவள் செவிலித்தாய். தோழி அவளுடைய மகள். அந்தச் செவிலியின் பெயரைத்தான் நாம் இன்று நர்ஸுக்கு வைத்திருக்கிறோம். கிராம நர்ஸுக்குப் பொருந்துகிற பெயர். இப்படி ஒருத்தியைக் கதாநாயகியாக்கிய தமிழ்ப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு!

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஆசையா?

படம் பார்த்து ஆசை வந்தால் தப்பில்லை. எந்த ஆசைக்கும் ஒரு தொடக்கம் வேண்டுமே! ஆனால் அதோடு நிற்கக் கூடாது. நர்ஸம்மா சொன்னதையும் நான் விசாரித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், சேருவதற்கு முன் வேலையில் இருக்கும் நர்ஸ் ஒருவரிடம் பெண்ணைப் பேச விடுங்கள். ரத்தம், சீழ், மலம், மூத்திரம் எல்லாம் இந்த வேலையில் உண்டு என்பதைத் தெரிந்தே வரட்டும்.

படிப்பு மூன்று வகை. துணைச் செவிலியர் படிப்பு (ஏ.என்.எம்.) 2 வருஷம். ஜி.என்.எம். டிப்ளமா 3 வருஷம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் அவசியம். டிப்ளமா முடித்தவர்கள் பிறகு மேலே படித்துப் பட்டம் வாங்கவும் வழி உண்டு. பையன்களும் சேரலாம். அரசுக் கல்லூரிகளில் செலவு குறைவு. அந்தந்த வருஷ அறிவிப்பைத் தவறாமல் பாருங்கள்.

‘ஆறு மாதத்தில் நர்ஸ், ஒரு வருஷத்தில் நர்ஸ்’ என்று போர்டு மாட்டிய இடங்களில் ஏமாறாதீர்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் மாநில நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. நம் மாகாணத்தில் நர்ஸுகளைப் பதிவு செய்யும் சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. பணம் கட்டும் முன் கல்லூரியின் பெயர் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் தெரு ஏஜெண்டை நம்பிப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். 2015-ல் மத்திய அரசு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நர்ஸுகளுக்குக் குடியேற்ற அனுமதியைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே விசாரியுங்கள்.

சம்பளம், விடுமுறை, இரவு டியூட்டிக்குப் போக வர வண்டி, தங்குமிடம் எல்லாவற்றையும் வேலையில் சேரும்போதே கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்குகிறவர்களைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது என்பதையும் பெண் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம்மைக் கவனித்த நர்ஸின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பொம்மிடியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எதிர் வீட்டு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மரவள்ளிக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். சம்மதமா, இல்லையா என்று நானும் கேட்கவில்லை, பெண்ணும் கேட்கவில்லை. கடத்தூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

“ஹாஸ்டல்னா சாப்பாடு எப்படி இருக்குமோ என்னவோ. ராத்திரி டியூட்டிக்குப் பசிக்குமே. முறுக்கு சுட்டுக் குடுத்தா எத்தனை நாளைக்கு வரும்?” என்றாள்.